கை போன வழி

இந்தச் சுவர் ஒன்றுதான் பாக்கி. மற்ற மூன்றும் சொன்னபடி கேட்டுவிட்டன, இது மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது, எந்த வீட்டிலும் நாலு பேர் இருந்தால் அதில் ஒருத்தர் இப்படித்தான் இருப்பார், காலையிலேயே சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன், நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் காய்ந்தும் விட்டது, காய்ந்த பிறகு பார்த்தால் அந்தக் கறுப்பு அப்படியே இருக்கிறது. திட்டு இல்லை, நீளமான பட்டை, என் இடுப்புக்கு மேலே நெஞ்சுக்குக் கீழே, வாசல் நிலையை ஒட்டி ஆரம்பித்துச் சுவரோடு சுவராக ஜன்னல் வரைக்கும் போகிறது, சின்னப் பிள்ளைகள் பென்சிலை வைத்து இழுத்துக்கொண்டே ஓடுவார்களே அந்த மாதிரி, ஆனால் பென்சில் இல்லை, எண்ணெயும் வேர்வையும் சேர்ந்த பிசுக்கு. உப்புத்தாளை மடித்து வைத்துத் தேய்க்கிறேன், சர்ர் சர்ரென்று பல் கூசுகிறது, பழைய பெயிண்ட் மாவாகக் கொட்டி முழங்கை வரைக்கும் வெள்ளை, மூக்குக்குள் வெள்ளை, இதுவரை நரைக்காமல் காப்பாற்றி வைத்திருந்த புருவமும் இன்றைக்கு நரைத்திருக்கும். சுடலைமுத்து வந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. எங்கள் தெருவுக்கே பெயிண்ட் அடிக்கிற ஆள் அவன், "இந்தா வாரேங்க்கா, தீவாளி கழியட்டும்" என்றான், தீபாவளி கழிந்தது, "கார்த்திகை கழியட்டுங்க்கா" என்றான், அதுவும் கழிந்தது, இப்போது மார்கழி முடியப் போகிறது, பொங்கலன்றைக்குச் சுவர் இந்த லட்சணத்தில் இருந்தால் பாலுக்கு முன்னால் என் மானம் பொங்கி வழியும். அதனால்தான் நானே ரோலரும் பிரஷும் வாங்கி வந்து இறங்கிவிட்டேன், முதல் நாள் என்னைப் பார்த்து இவர் சிரித்தார், "ஏட்டி பிரமு, செவுத்துக்கு அடிக்கியா, ஒனக்கே அடிச்சுக்கிடுதியா" என்று. பிரம்மசக்தி என்கிற பேரை இப்படிப் பாதியாக வெட்டிக் கூப்பிட இவர் ஒருத்தர்தான் மிச்சம், இவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள், குற்றாலிங்கம், குற்றாலிங்கம், ரோலர் உருளுகிற தாளத்துக்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.

பெயிண்ட் வாசம் எனக்குப் பிடிக்கும், தலை வலிக்கும் ஆனாலும் பிடிக்கும், புதுப் பாடப்புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்தது போல ஒரு மயக்கம், மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து மூன்று புதுச் சுவரிலும் பட்டுத் திரும்புவதில் அறை முழுக்க ஒரு சிவந்த வெளிச்சம் மிதக்கிறது, ரோஸ் என்றும் சொல்ல முடியாது, காவி என்றும் சொல்ல முடியாது, கடைக்காரன் இதற்கு ஒரு நம்பர் சொன்னான், நம்பர் யாருக்கு வேண்டும், அடித்துக் காய்ந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது இது வெங்காயத்தோல். தலைத் தீபாவளிக்கு இவர் எடுத்து வந்த சேலை. "என்னது, துவைச்சு வெளுத்துப்போன சேலை மாதிரி இருக்கு" என்றேன் நான், வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், வாய் மட்டும் அப்போதே இவ்வளவு நீளம். இவர் கோபப்படவில்லை, சேலையை விரித்து முற்றத்து வெயிலில் காட்டினார், பிறகு உள்ளே விளக்கடியில் காட்டினார், "இது வெங்காயத்தோலுட்டி, வெயில்ல ஒண்ணு காட்டும், வெளக்குல ஒண்ணு காட்டும், ஒரு சேலை எடுத்தா ரெண்டு சேலை எடுத்தமாரி" என்றார். வியாபாரி வீட்டிலும் வியாபாரிதான். டவுன் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இவர் நின்றால் பொண்ணு வீட்டார் வேறு ஆளிடம் போக மாட்டார்கள், பொண்ணு முகத்தை ஒரு தடவை பார்ப்பார், அலமாரியிலிருந்து ஒரே ஒரு சேலையை உருவிப் போடுவார், மாந்தளிர், மயில்கழுத்து, கத்தரிப்பூ, அரக்கு, கிளிப்பச்சை, தேன், மிளகாய்ப்பழம், இந்தப் பேரையெல்லாம் இவர் சொல்லும்போது நாக்கில் வைத்துச் சப்பிவிட்டுச் சொல்வது போல இருக்கும், ஜில்லாவில் பாதிக் கல்யாண போட்டோவில் இருப்பது இவருடைய கண்தான். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் கலர் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டத்தையும் கட்டைவிரலால் தடவி, "ஒனக்குப் புடிச்சத அடிட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் கலர் பார்ப்பார், சொந்த வீட்டுச் சுவர் என்றால் ஆனது ஆகட்டும். அந்த எரிச்சலில்தான் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டேன், அது வெங்காயத்தோலாக அமைந்துவிட்டது, அதற்கும் நாலு நாளாகச் சாயங்காலம் வந்து நின்று "நல்லாருக்கு, பளிச்சுனு இருக்கு" என்கிறார், பளிச்சென்று இருக்கிற கலரா இது.

பளிச்சென்று இருக்கிற கலரா இது. உப்புத்தாள் பட்டையின் மேலேயே நின்றுவிட்டது. கையைச் சுவரில் தேய்க்காதிய, தேய்க்காதிய என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், எண்ணெய் தேய்த்த கை, சாப்பிட்ட கை, சுவர்தான் துண்டா என்று, "இல்லட்டி, சும்மா ஊன்றதுதான், முட்டு வலிக்குல்லா" என்பார், சரி வயசாகிறது என்று விட்டுவிடுவேன், மகள் பிள்ளை லீவுக்கு வந்திருந்தபோது அவன் மேலேகூடப் பழியைப் போட்டேன், பாவம், அவன் உயரத்துக்கு இந்தப் பட்டை எட்டவே எட்டாது. முட்டு வலிக்கு ஊன்றுகிறவர்கள் அங்கங்கே ஊன்றுவார்கள். இது அங்கங்கே இல்லை. ஒரு இடம்கூட விடாமல் போகிறது, சுவிட்சுப் பெட்டி வந்தால் அதற்குக் கீழே வளைந்து போகிறது, பீரோ வந்தால் பீரோவின் ஓரத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது, காலண்டர் ஆணி இருந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் கீழே போய்த் திரும்ப மேலே வருகிறது, ஒரு தடவை அந்த ஆணியில் கையைக் கிழித்துக்கொண்டார், ரத்தம் வந்தது, "ஆணியக் காணல" என்றார், எவ்வளவு பெரிய ஆணி, எத்தனை வருஷத்து ஆணி, நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் கேலி பண்ணினேன். கேலி பண்ணினேனே தவிர யோசிக்கவில்லை. பட்டுப் பிரிவிலிருந்து வேட்டிப் பிரிவுக்கு மாறினார், "மாடிப்படி ஏற வேண்டாம் பாரு, மொதலாளியே மாத்திட்டாரு" என்றார், வேட்டி, துண்டு, எல்லாம் வெள்ளை, கலர் பார்க்க வேண்டாத ஒரே இடம் அந்தக் கடையில் அதுதான். போன தீபாவளிக்கு எனக்கு மயில்கழுத்து என்று கொண்டுவந்தது அசல் கத்தரிப்பூ, "கடை லைட்டுல அப்படித் தெரிஞ்சுது" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறார், மொதலாளி சீக்கிரம் அனுப்புகிறார் என்கிறார், காப்பி டம்ளரை நீட்டினால் கொஞ்சம் தள்ளி வெறும் காற்றைப் பிடித்துவிட்டுப் பிறகு டம்ளருக்கு வருகிறார், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறேன், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான்.

உப்புத்தாளைக் கீழே போட்டேன். வாசல் நிலைக்கு வந்தேன். செய்யப் போவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது, பக்கத்து வீட்டு ஜெயா டீச்சர் இந்த நேரம் பார்த்து மோருக்கு வந்தால் என்ன சொல்வேன், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கையை அந்தப் பட்டையில் வைத்தேன். உடனே வீடு பெரிதாகிவிட்டது. எங்கள் சின்ன ஹால், நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும், கண்ணை மூடியதும் முடியாமல் நீள்கிறது, சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது, ஓர் இடத்தில் வழுவழு, ஓர் இடத்தில் சொரசொர, கை நினைத்துக்கொள்கிறது இது பீரோ, இது சுவிட்சு, எங்கேயோ குக்கர் விசில், எங்கேயோ கோலப்பொடி விற்கிறவன் குரல், அது தெருவில் இருந்து வருகிறதா நான் சின்னப் பிள்ளையாக இருந்த அம்பாசமுத்திரத்தில் இருந்து வருகிறதா என்று தெரியவில்லை, வெயில் இமைக்கு வெளியே நின்று சிவப்பாகத் தட்டுகிறது, எனக்குக் கிடைக்கிற இந்தச் சிவப்பாவது அவருக்குக் கிடைக்குமா, முழுக்க இருட்டா, ஓரம் மட்டும் இருட்டா, ஓலைக்குழல் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டுமா. கால் தரையைத் தடவி மொசைக் முடிந்து சிமெண்ட் தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, இவ்வளவு காலம் இந்த வீட்டில் இருக்கிறேன், மேடு இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. பயமாக இருக்கிறது, திறந்துவிடலாம், நான் திறந்துவிடலாம், அதுதான் வித்தியாசம். திறக்கவில்லை. ஜன்னல் வந்துவிட்டது என்று கன்னத்தில் பட்ட சூடு சொன்னது, பட்டை அங்கே முடிகிறது, முடிகிற இடத்தில் கைக்கு வேறு மாதிரி பட்டது, கண்ணைத் திறந்து பார்த்தேன், கறுப்பு அங்கே பட்டையாக இல்லை, அகலமாக, ஒரு தாம்பாளம் அளவுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளங்கைகள். இங்கே எதற்கு நிற்கிறார். இங்கே தண்ணீர்ப் பானை இல்லை, டிவி இல்லை, சாமி படம் இல்லை, ஒன்றுமே இல்லை. கீழே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாய் விரித்துப் படுக்கிற இடம்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும், எனக்குப் பழக்கம், அதோடேயே தூங்கிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டென்று விழிப்பு வந்து பார்த்தால் இவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து என் முகத்துக்கு நேராக நிற்கிறார், மூச்சு என் மேல் படுகிற அளவுக்குக் கிட்டத்தில், நான் பதறி "என்ன, என்ன" என்று எழுந்தேன், "ஒண்ணுமில்லட்டி, ஈ உக்காந்திருந்துச்சு, ஓட்டுனேன்" என்றார். "ஈய ஓட்டுத லட்சணத்தைப் பாரு, நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன், அடி பாவி, முகத்தைக் காட்டிக்கொண்டே படுத்திருக்கக் கூடாதா. ஒரு ஈக்கு இத்தனை கை பதியாது. வாரா வாரம் வந்து நின்றிருக்கிறார், நல்ல வெளிச்சமாகப் பார்த்து, நான் அசையாமல் இருக்கிற நேரமாகப் பார்த்து, பொண்ணு முகத்தைப் பார்த்துச் சேலை உருவுகிற அந்தக் கண்ணால், மிச்சம் இருக்கிறவரைக்கும் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று. தரையில் விரித்திருந்த பழைய சேலை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையாகத்தான் வருகிறது, கையெல்லாம் பெயிண்ட் மாவு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று ஒரு அழுக்குச் சுவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன் அடித்தது. சுபாஷினி, ஓசூரில் இருக்கிற என் மகள், மத்தியானம் ஒரு தடவை கூப்பிட்டு நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்காவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. "ஸ்டூல் மேல ஏறாதம்மா, மேல் பக்கம் கெடக்கட்டும், அப்பா வந்து அடிப்பாங்க" என்றாள். அப்பா வந்து அடிப்பார். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது, சொன்னால் ராத்திரியே பஸ் ஏறி வந்துவிடுவாள், அவளும் நானும் சேர்ந்து இவரை நடுவில் உட்காரவைத்து, இந்தக் கையில் ஒருத்தி அந்தக் கையில் ஒருத்தி, ஐயோ, அதைத்தானே இவர் பயப்படுகிறார், "சரி, ஏறல" என்று வைத்துவிட்டேன். இவர் அண்ணாச்சிக்கும் இப்படித்தான் ஆனது, ஓரத்தில் இருந்து நடுவுக்கு இருட்டு வந்தது, கடைசியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர், போனது போனதுதான், முன்னாலேயே வந்திருந்தால் இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் வந்து கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார், இவர் தலையை ஆட்டினார், போகவில்லை. போகாததற்குக் காரணம் டாக்டர் இல்லை, அண்ணாச்சி வீட்டு மூலையில் கிடந்த நாற்காலி. அதில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார், வருகிறவர்கள் அவருக்கு முன்னாலேயே மதினியிடம் கேட்பார்கள், "அண்ணாச்சிக்குக் காப்பி வேணுமா, அண்ணாச்சி தூங்குறாகளா", அண்ணாச்சி முழித்துக்கொண்டுதான் இருப்பார், காது நன்றாகத்தான் கேட்கும், அவரை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை அங்கிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சொன்னார், "கண்ணு போனா போவுது, ஆளே இல்லாமப் போயிருதான் பாத்தியா". அதற்குப் பிறகு போன ஆடியில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள், போய்க் காட்டிவிட்டு வாங்களேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், "எனக்கு என்ன கேடு, நீ போய்க் காட்டு" என்று கத்தினார், கல்யாணமானதில் இருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை, அன்றைக்கு எதிர்த்த சுவரைப் பார்த்துத்தான் கத்தினார், நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

நானாகக் கேட்டால் இல்லையென்பார், இல்லையென்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பேச்சே கிடையாது, இன்னும் நாலு மாதம் போகும், இருக்கிறதும் போகும். கேட்காமல் விட்டாலும் போகும். இழுத்துக்கொண்டு போனால் வருவார், வந்து அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், கண் பாதி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அவராகச் சொல்ல வேண்டும், வேறு வழியே இல்லை, அவராக ஒரு வார்த்தை. எப்படிச் சொல்லவைப்பது. சாப்பாடு போடும்போது பேச்சைத் தொடங்கலாம், சுவரைக் காட்டிச் சிரித்துக்கொண்டே தொடங்கலாம், எனக்குத்தான் கண் மங்குகிறது, துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம், ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிக்கவில்லை, மடித்து வைக்கிறேன். எழுந்து ரோலரைத் தட்டில் புரட்டினேன். யோசிக்கிறதைக் கை யோசிக்கட்டும். ஜன்னல் பக்கம் இருந்து தொடங்கினேன், ஈரமான ரோலர் சுவரில் ஏறும்போது பச்சக் பச்சக்கென்று முத்தம் கொடுக்கிற சத்தம், இந்த வயசில் என்ன நினைப்பு வருகிறது பார், மேலே, கீழே, மேலே, கீழே, வெங்காயத்தோல் பரவிப் பரவி அந்த உள்ளங்கைகளை மூடுகிறது, மூடும்போது ஒரு நிமிஷம் வேண்டாமென்று இருந்தது, பிறகு அடித்துவிட்டேன், பொங்கலுக்குச் சுவர் வேண்டும், கை எங்கே போய்விடப் போகிறது. அது போகவும் இல்லை. ஒரு பூச்சு காய்ந்ததும் அடியில் இருந்து பட்டை திரும்ப மேலே வந்து நின்றது, எண்ணெய்ப் பிசுக்குக்கு மேல் பெயிண்ட் நிற்காது என்று கடைக்காரன் சொன்னது சரிதான், இரண்டாவது பூச்சு அடித்தேன், நிழல் மாதிரி இன்னும் தெரிகிறது, தெரியட்டும்.

வெயில் சுவரை விட்டு இறங்கி, தரைக்கு வந்து, தரையையும் விட்டுப் போய்விட்டது. வெளிச்சம் போகப் போக அறையில் ரோஸ் வடிந்து ஒரு மாதிரிச் சாம்பல் ஏறுகிறது, இதுவும் ஒரு அழகாகத்தான் இருக்கிறது, இந்தச் சாம்பலில் நான் நீந்திக்கொண்டே நிலைப்பக்கம் வந்து சேர்ந்தேன், கடைசி இரண்டு முழம், லைட்டைப் போட்டேன், ட்யூப்லைட் கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது, எரிந்ததும் நாலு சுவரும் மறுபடி ரோஸாகத் திரும்பின. விளக்கில் ஒன்று காட்டும். இன்றைக்கு இவர் வரத் தாமதமாகிறது, பொங்கல் வியாபாரம், முதலாளி விட்டிருக்க மாட்டார், இருட்டிவிட்டதே, பஸ்ஸில் இருந்து இறங்கி அந்தச் சாக்கடைப் பாலத்தைத் தாண்ட வேண்டும், பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு, நம் தெரு முக்கில் இருந்து ஜெயா டீச்சர் வீட்டுக் காம்பவுண்டு, அதற்கப்புறம் நம் வீட்டுக் கேட்டு, வழி பூரா மனசுக்குள் சுவராக அடுக்கிப் பார்க்கிறேன், எங்கேயாவது சுவர் இல்லாத இடம் இருக்கிறதா, அந்த டீக்கடை முன்னால் இருக்கிறது, அங்கே சுவர் இல்லை, அங்கே என்ன செய்கிறார். போய்ப் பார்க்கலாம் என்று ரோலரை வைக்கப் போனேன், கேட்டுச் சத்தம் கேட்டது.

செருப்பைக் கழற்றுகிற சத்தம், ஒன்று, பிறகு மற்றொன்று. ஈரம், நிலைக்குப் பக்கத்தில் தொடாதிய என்று கத்த வேண்டும், இத்தனை நேரம் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை, கண் அவர் கையிலேயே இருந்தது. கால் உள்ளே வைப்பதற்கு முன்னால் கை வந்துவிட்டது. தேடாமல், தடுமாறாமல், தன் இடத்துக்கு வருகிற கை, வந்து அந்த ஈரத்தில் முழுதாகப் பதிந்தது.

"அடடா" என்று இழுத்துக்கொண்டார். "ஈரமாட்டி? சொல்லப்படாதா. வேலையக் கெடுத்திட்டனே."

"கெடக்கட்டும்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. மத்தியானத்தில் இருந்து விரித்துப் பார்த்த பேச்சில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. அவர் போகவில்லை, அங்கேயே நின்றார், பெயிண்டு விரல்களைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், துணியின் நயம் பார்க்கிற அதே தேய்ப்பு. முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

"ஏட்டி."

"என்ன?"

"இது என்ன கலரு?"

நாலு நாளாக நல்லாருக்கு என்று சொன்ன மனுஷன். ஜில்லாவுக்கே கலர் சொன்ன மனுஷன். சத்தம் தாழ்ந்து, கடைக்கு வந்த ஆள் தயங்கிக் கேட்பது போலக் கேட்டார். அழுதால் எல்லாம் கெட்டுவிடும்.

"வெங்காயத்தோலு."

"நாலு செவுருமா?"

"நாலுந்தான்."

மெல்லச் சிரிப்பு வந்தது அவருக்கு. "வெயில்ல ஒண்ணு காட்டும்."

"வெளக்குல ஒண்ணு காட்டும்" என்றேன்.

தலையை ஆட்டினார். ட்யூப்லைட் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே ஙொய்யென்று எரிந்துகொண்டிருந்தது, அதன் வெளிச்சம் அவர் நெற்றியில், மூக்கில், விரியத் திறந்திருந்த கண்ணில்.

"லைட்டு போட்டிருக்கியா பிரமு?"

"போட்டிருக்கேன்."

ரோலரைத் தட்டில் வைத்தேன். பிறகு நான் கேட்டேன், "காலையில ஆஸ்பத்திரிக்குப் போவமா? நீங்களே டாக்டர்ட்ட சொல்லுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"நீ பேசாம இருப்பியாக்கும்" என்றார். அதற்கப்புறம், "போவம்" என்றார்.

கையை வேட்டியில் துடைக்கப் போனார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன், அந்த உள்ளங்கையை எடுத்து, எடுத்த இடத்திலேயே, ஈரச் சுவரில் வைத்தேன். "செவுரு அழுக்காயிருமேட்டி" என்றார், "ஆகட்டும், வாங்க" என்றேன். நடந்தார். பக்கத்திலேயே நானும் நடந்தேன், என் இரண்டாவது பூச்சு அவர் விரலடியில் விலகி விலகி வழிவிட்டது, சுவிட்சுக்குக் கீழே வளைந்தது, பீரோவில் ஏறி இறங்கியது, ஆணி இருந்த இடத்தில் தானாகத் தாழ்ந்தது, ஆணியை நான் காலையிலேயே பிடுங்கியிருந்தேன். ஜன்னல் வந்ததும் கை நின்றது. அவருக்கு முன்னால் வந்து, ட்யூப்லைட்டுக்கு நேராக முகத்தைத் தூக்கிக்கொண்டு, அவர் மூச்சு படுகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்றேன்.

"ஈ எதுவும் இல்ல" என்றேன். "நல்லாப் பாத்துக்கிடுங்க."